நம்பரை மாற்றினால் விட்டுவிடுவாரா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவர் சொன்னதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 31, தாதியாக வேலை பார்க்கிறார். உறவினர் வழியாக ஒரு வரன் வந்தது. எட்டு மாதம் பேச்சு நடந்தது. தேக்காவில் சிலமுறை சந்தித்தார்கள், தினமும் ஃபோனில் பேசினார்கள். ஒத்துவராது என்று தோன்றியதும், பொங்கல் முடிந்த கையோடு வீட்டில் சொல்லி மரியாதையாக நிறுத்திக்கொண்டார். அந்த மனிதரும் "சரி, பரவாயில்லை" என்றார். ஒரு மாதம் அமைதி. பிறகு தினமும் காலை வணக்கம் வரத் தொடங்கியது. பிளாக் செய்தார், வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் பிளாக் செய்தார், இன்ஸ்டகிராமில் படமில்லாத கணக்குகள் முளைத்தன. அப்புறம் பேநவ் வழியாக, அதாவது கைத்தொலைபேசி எண்ணை வைத்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி வழியாக, ஒவ்வொரு சென்ட்டாகப் பணம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு: "சாப்பிட்டாயா", "ஏன் பேசமாட்டேன் என்கிறாய்". மூன்று மாதத்தில் 43 முறை. வார்டுக்கு இரண்டு தடவை கேக் வந்தது. வேறொரு மருத்துவமனையில் நேர்காணல் இருந்ததை இவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. மின்னஞ்சலில் மட்டும்தான் அந்தத் தகவல் இருந்தது. ஆனால் முதல் நாள் இரவே அவரிடமிருந்து "நல்லபடியாகச் செய்" என்று செய்தி. இரண்டு வாரத்துக்கு முன், இவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் இவர் புது ஃபோன் வாங்கியபோது, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

கேள்விகள் இவை. ஒரு தடவைகூட மிரட்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, இது எப்படிக் குற்றமாகும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு நம்பரை மாற்றினால் விட்டுவிடுவாரா? அழைக்கக் கூடாத எண்களின் பதிவேட்டில் பதிந்தும் ஏன் நிற்கவில்லை? அவருடைய பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று தம்பிக்குத் தெரியும், உள்ளே போய்ப் பார்க்கலாமா? அப்பா "போலீசுக்குப் போனால் இன்னொரு வரன் வராது" என்கிறார், அவரை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் புளோக் படம். செய்தியும் பணமும் திரையில் வருபவை. அந்தப் படம், அவர் உங்கள் வீட்டுக்குக் கீழே வந்து நின்றதாகச் சொல்கிறது. இனி அவரை அங்கேயோ, பேருந்து நிறுத்தத்திலோ, வேலையிடத்தின் வாசலிலோ பார்த்தால் போய்ப் பேசாதீர்கள், "எதற்கு வந்தீர்கள்" என்றுகூடக் கேட்காதீர்கள். ஆள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு, காவல்துறையின் அவசர எண் 999-ஐ அழையுங்கள். பேச முடியாத நிலை என்றால் 70999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். "இதற்குப் போய் 999-ஆ" என்று நீங்கள் தயங்குவீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. இதற்கும்தான் அந்த எண் இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை உங்கள் அண்ணியின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ, தற்செயலோ, சரியாகச் செய்தீர்கள். நான் கீழே சொல்லும் வேலைகள் முடியும்வரை, இந்த விஷயம் சம்பந்தமான எதையும் உங்கள் ஃபோனிலிருந்து தேடவோ எழுதவோ வேண்டாம்.

அவர் உள்ளேயே இருக்கிறார்

நீங்கள் மாதக்கணக்காகப் பிளாக் செய்துகொண்டிருக்கிறீர்கள். அது வெளியிலிருந்து வருவதைத்தான் நிறுத்தும். நேர்காணல் தேதி அவருக்குத் தெரிந்தது எப்படி என்று யோசித்துப் பார்த்தால், உங்கள் மின்னஞ்சலை அவர் இன்னும் படிக்கிறார் என்பதுதான் எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. ஹேக்கிங் மாதிரிப் பெரிய வித்தை எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஃபோனைத் தயார்செய்து கொடுத்த அன்றைக்கே பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். கணக்கை மீட்க உதவும் மாற்று மின்னஞ்சலாகத் தன்னுடையதையே போட்டிருக்கலாம். உங்களுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் தனக்கு வரும்படி அமைத்திருக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த நகல் போய்க்கொண்டேதான் இருக்கும். அதைத் தனியாகத் தேடி நிறுத்த வேண்டும்.

கூகல் கணக்கு கையில் இருந்தால் மின்னஞ்சல் மட்டுமல்ல, இன்னும் பலதும் தெரியும். தொலைந்த ஃபோனைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக உங்கள் ஃபோன் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு போட்டுவைத்திருந்தால் அதுவும் தெரியும். படங்கள் கூகல் ஃபோட்டோஸில் தானாகச் சேர்ந்தால், நீங்கள் ஆதாரத்துக்காக எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் அத்தனையும் அங்கே போய் விழும். யாரைப் பற்றி ஆதாரம் சேர்க்கிறீர்களோ அவரே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் உங்கள் ஃபோன் வேண்டாம் என்றேன்.

எதையும் இப்போது அழிக்காதீர்கள்

"பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அழித்துவிட்டால், நாளை நீதிபதி முன்னால் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் ஃபோனால் உங்கள் திரையைப் படமெடுங்கள். செய்தி, அனுப்பிய எண் அல்லது கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே படத்தில் வரவேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அதைச் செய்து, அண்ணியின் பேரில் தொடங்கிய புது மின்னஞ்சலில் வையுங்கள். கேக் வந்த நாட்களை வார்டில் யார் வாங்கினார்கள், யாரிடம் சொன்னீர்கள் என்பதோடு எழுதிவையுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள்.

அந்த ஒரு சென்ட் பணத்தைப் பற்றி நிறையக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். திருப்பி அனுப்பாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. திருப்பி அனுப்பவும் வேண்டாம். திருப்பி அனுப்பினால் அது அவருக்கு ஒரு பதில். உங்களிடம் இருக்கும் ஆதாரங்களிலேயே வலுவானது இந்த 43 பரிமாற்றங்கள்தான் என்பேன். இன்ஸ்டகிராம் கணக்கை "நான் இல்லை" என்று சொல்லிவிடலாம். வங்கிக் கணக்கு அவர் பேரில், அவர் அடையாளத்தோடு திறந்தது. வங்கி அறிக்கையைப் பதிவிறக்கி வையுங்கள். அது கைக்கு வந்த பிறகு, வங்கிச் செயலியில் உங்கள் கைத்தொலைபேசி எண்ணைப் பேநவ்விலிருந்து எடுத்துவிடலாம். அடையாள அட்டை எண்ணோடு இணைத்த பேநவ் அப்படியே இருக்கட்டும். அரசாங்கம் வழங்கும் தொகைகள் பல அதன் வழியாகத்தான் வருகின்றன.

மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் "யுவர் டிவைசஸ்" என்ற பகுதியில் உங்களுக்குத் தெரியாத கணினியோ ஃபோனோ இருந்தால், உடனே அதை நீக்கிவிடாதீர்கள். முதலில் படமெடுங்கள். நகல் போகும் முகவரியையும், மீட்பு முகவரியையும் அப்படியே படமெடுங்கள். இவை சாதாரணத் தொல்லையைத் தாண்டிய வேறொரு குற்றத்துக்கு ஆதாரம், அதைக் கீழே சொல்கிறேன்.

கதவைச் சாத்தும் நாள்

இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் அவரை வெளியேற்றிய நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வழி அடைபட்டால் சிலர் ஓய்ந்துவிடுவார்கள், சிலர் நேரில் வருவார்கள். அவர் எந்த வகை என்று எனக்கோ உங்களுக்கோ சொல்ல முடியாது. அதனால் இரவுப் பணி முடிந்து தனியாக வரும் நாளில் இதைச் செய்யாதீர்கள். இரண்டு நாள் விடுப்பு இருக்கும்போது, அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு எல்லாமே அங்கேதான் வந்து சேர்கிறது. அண்ணியின் கணினியில் திறந்து, புது பாஸ்வேர்டு போடுங்கள். மீட்பு மின்னஞ்சல், மீட்பு எண் இரண்டையும் மாற்றுங்கள். நகல் அனுப்பும் அமைப்பையும், மின்னஞ்சல்களைத் தானாக நகர்த்தும் வடிகட்டிகளையும் பார்த்து நீக்குங்கள். தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடும்போது எஸ்எம்எஸ் குறியீட்டைவிட, ஃபோனிலேயே குறியீடு உருவாக்கும் செயலி மேல். எப்போதாவது உள்ளே நுழைய முடியாமல் போனால் உதவும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பெயரும் அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகளும் சேர்ந்ததுதான் உங்கள் பாஸ்வேர்டு என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். வரன் பார்த்த வீட்டில் ஜாதகமே கைமாறியிருக்கிறது. பிறந்த தேதி, நேரம், அம்மாவின் ஊர், தாத்தா பெயர் எல்லாம் அவர்களிடம் இருக்கும். அடையாள அட்டை எண்ணை ரகசியமாக நினைத்துப் பாஸ்வேர்டாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 கடைசியில் அரசாங்கமே விளக்கியது. 12 எழுத்துகளுக்குக் குறையாமல், சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஒன்று அமையுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக இருக்கட்டும். "உங்கள் முதல் பள்ளி எது" போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தரவேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொய் போதும்.

அடுத்தது வாட்ஸ்அப். "லிங்க்டு டிவைசஸ்" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கை ஒரே நேரத்தில் நான்கு சாதனங்கள்வரை இணைத்துவைக்க முடியும். அவருடைய கணினி அதில் ஒன்றாக இருந்தால், பிளாக் செய்த பிறகும் உங்கள் உரையாடல்களை அவர் படித்துக்கொண்டிருக்கலாம். படமெடுத்துவிட்டு வெளியேற்றுங்கள், ஆறு இலக்க எண்ணைப் பூட்டாகப் போடுங்கள். உங்களை யார் குழுக்களில் சேர்க்கலாம், உங்கள் படத்தையும் கடைசியாக வந்த நேரத்தையும் யார் பார்க்கலாம் என்பதை உங்கள் தொடர்புப் பட்டியலுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதியும் உண்டு. இன்ஸ்டகிராமில் ஒருவரைத் தடுக்கும்போது, அவர் இனிமேல் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கலாமா என்று அதுவே கேட்கும். ஆம் என்று கொடுங்கள். முழுக்கப் பிடித்துவிடாது, ஆனாலும் குறையும்.

அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ், வங்கி இரண்டுக்கும் புது பாஸ்வேர்டு கட்டாயம். ஃபோனில் நீங்கள் போடாத செயலி ஏதாவது இருந்தால், அல்லது சந்தேகம் தீரவில்லை என்றால், ஆதாரம் எல்லாம் பத்திரமான பிறகு ஃபோனை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

நம்பரை மாற்றுவது பற்றி

வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இப்போது வேண்டாம். பழைய எண்ணை விட்டுவிட்டால் சில காலத்தில் நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வங்கி, சிங்பாஸ், மத்திய சேமநிதி என்று எங்கெல்லாம் அந்த எண் இருக்கிறதோ அத்தனையையும் மாற்றி முடிப்பதற்குள், உங்களுக்கு வரவேண்டிய குறியீடு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அதோடு, பழைய எண்ணுக்கு அவர் அனுப்பிக்கொண்டே இருப்பதும் ஆதாரம்தான். பழைய சிம்மை ஒரு மலிவு ஃபோனில் போட்டு அண்ணனிடம் கொடுங்கள். தினமும் ஒருமுறை அண்ணன் பார்த்துப் பதிவுசெய்யட்டும். உங்களுக்குப் புது எண், மிகச் சிலருக்கு மட்டும்.

மிகச் சிலருக்கு என்பதுதான் கஷ்டமான பகுதி. உங்கள் இரண்டாவது எண்ணையும் அவர் எப்படிப் பிடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வரனைக் கொண்டுவந்த அத்தை இன்னும் அவர்கள் வீட்டோடு பேசுகிறார். கோயில் வாட்ஸ்அப் குழுவில் அந்த மனிதரும் இருக்கிறார், நீங்களும் இருக்கிறீர்கள். ஒருவரைப் பிளாக் செய்தாலும், இருவரும் உள்ள குழுவில் நீங்கள் எழுதுவதை அவர் படிக்கத்தான் செய்வார். உங்கள் பணி அட்டவணையைப் படமெடுத்து குடும்பக் குழுவில் போடுகிறீர்கள், அம்மா சமையலுக்கு நேரம் தெரிய வேண்டுமே என்று. நம்முடைய சமூகம் இங்கே சின்னது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் "பாவம், அந்தப் பையன் மனம் உடைந்து போயிருக்கிறான், ஒரு தடவை பேசிவிடட்டும்" என்று நம்பரைக் கொடுத்துவிடுவார். எத்தனை பூட்டு போட்டாலும் இதற்கு முன்னால் நிற்காது. அதனால் அத்தையிடம் நீங்களே பேச வேண்டாம், அப்பா பேசட்டும்: "என் மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்த வீட்டுக்குப் போகக் கூடாது." கோயில் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அட்டவணையை அம்மாவுக்குத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அன்பாகப் பேசினாலும் குற்றமாகுமா?

ஆகலாம். உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முக்கியமான எண்ணம் இதுதான். சிங்கப்பூரில் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் ஏழாம் பிரிவு ஒருவரைச் சட்டவிரோதமாகப் பின்தொடர்வதைப் பற்றியது. மிரட்டல் இருந்தாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எந்த வழியாகவும் தொடர்புகொள்வது, தொடர்புகொள்ள முயல்வது, பொருள் அனுப்புவது, வீட்டருகிலோ வேலையிடத்தருகிலோ சுற்றுவது, கண்காணிப்பது ஆகியவை அதில் வருகின்றன. இவை தொடர்ந்து நடந்து, உங்களுக்கு அச்சமோ மன உளைச்சலோ உண்டாக்கினால், அப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டியதாகவோ இருந்தால், அது குற்றம். அந்தப் பிரிவில் உதாரணமாகவே ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகும் ஒருவருக்குத் தினமும் பூ அனுப்புவது. உங்கள் வார்டுக்கு வந்த கேக்கை இந்த வரியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். இந்தக் குற்றத்துக்கு 5,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அனுமதியில்லாமல் உங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருந்தால் அது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் தனிக் குற்றம். "நான்தானே பாஸ்வேர்டைக் கொடுத்தேன்" என்று உங்களையே குறை சொல்லியிருக்கிறீர்கள். ஃபோனைத் தயார்செய்யக் கொடுத்தீர்கள். காலம் முழுக்கப் படிப்பதற்கு அனுமதி கொடுக்கவில்லை.

ஒரு காரியம் மட்டும் செய்யச் சொல்வேன். இதுவரை நீங்கள் அவருக்கு எழுதியதெல்லாம் "இப்போது டியூட்டியில் இருக்கிறேன்", "தயவுசெய்து வேண்டாமே" என்ற மாதிரி இருக்கிறது. நயமாகப் பேசி வளர்க்கப்பட்ட எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்பதை அறிந்தே தொடர்ந்தார் என்று காட்ட, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு செய்தி உதவும். "என்னை எந்த வழியிலும் தொடர்புகொள்ள வேண்டாம். தொலைபேசி, மின்னஞ்சல், சமூக ஊடகம், பேநவ், மற்றவர்கள் மூலம், நேரில் எதுவும் வேண்டாம்." அவ்வளவுதான். காரணம், மன்னிப்பு, "நல்லா இருங்கள்" எதுவும் சேர்க்காதீர்கள். கணக்குகளைப் பூட்டிய பிறகு அனுப்புங்கள். அதன்பின் அவர் என்ன எழுதினாலும் பதில் கிடையாது. நாற்பது செய்திக்குப் பிறகு பொறுக்காமல் ஒரு பதில் போட்டால், நாற்பது அனுப்பினால் ஒன்று வரும் என்று அவர் கற்றுக்கொள்வார். அவர் நேரில் வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தால் இந்தச் செய்தியை விட்டுவிட்டு நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

அழைக்கக் கூடாத எண்களின் பதிவேடு விளம்பர அழைப்புகளுக்கானது. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறுவனங்களுக்கானது, ஒரு தனிமனிதர் சொந்த விஷயமாகச் செய்வதை அது தொடாது. அங்கே புகார் எழுதி நாட்களைக் கடத்தவேண்டாம்.

நீங்கள் போகவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் வட்டார அக்கம்பக்கக் காவல் நிலையம். இணையத்திலும் புகார் பதியலாம். அன்றே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சமயம் நீதிமன்ற நடுவரிடம் முறையிடச் சொல்லி அனுப்புவார்கள். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள், புகாரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களின் ஓர் அங்கமாக 2021 ஜூனில் தொடங்கிய, துன்புறுத்தல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம். அங்கே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால், முழு விசாரணைக்குக் காத்திராமல் விரைவுப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த மனுக்களை 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், வன்முறை ஆபத்து இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் எடுத்துக்கொள்வது அந்த நீதிமன்றம் தொடங்கியபோது சொன்ன இலக்கு. வழக்கறிஞர் இல்லாமலே இணையம் வழியாக மனு போட முடியும். உத்தரவு என்பது காகிதம்தான், அவர் கையைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் அதை மீறினால் அதுவே குற்றம், அதன்பின் ஒரு சென்ட் அனுப்பினாலும் அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். போலிக் கணக்குகளை அந்தந்தத் தளத்திலும் புகார் செய்து, ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், இப்படிப்பட்ட புகார்களைக் கவனிக்கத் தனி ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. அங்கே போகும் நிலை வந்தாலும் அந்த ஒப்புகைகள் பயன்படும்.

தம்பிக்கு

தேசிய சேவை முடித்து வந்திருக்கும் பிள்ளை, அக்காவுக்கு நடப்பதைப் பார்த்துக் கொதிக்கிறார். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவருடைய கணக்கைத் தம்பி திறந்தால் அது அதே கணினிக் குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அவர் படத்தையும் நம்பரையும் ஃபேஸ்புக்கில் போட்டு "இவனைப் பாருங்கள்" என்று எழுதுவதும் வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவர் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020-லிருந்து குற்றம். மாமா சொன்னபடி அவருடைய முதலாளிக்குக் கடிதம் எழுதுவதும் அப்படித்தான், நிரூபிக்க முடியாத ஒரு வரி இருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். இப்போது சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. தம்பி கோபத்தில் ஒன்று செய்தால் நீதிமன்றத்தில் இரண்டு பேர் கதையாகிவிடும். அவர் உதவ வேண்டுமானால், இரவுப் பணி முடியும் நாட்களில் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

அப்பாவிடம்

இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, நீங்கள் மகளின் வாழ்க்கையை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறீர்கள். பாதுகாப்பு உத்தரவு கேட்பது, உங்கள் மகள்மேல் எந்தப் பதிவையும் ஏற்படுத்தாது. அவர் குற்றம் செய்தவர் அல்ல, பாதுகாப்புக் கேட்பவர். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, நீங்களும் கூடப் போகலாம். இந்த வேலையில் பல அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். "வெளியே தெரியவேண்டாம்" என்று ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, ஆள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு வந்தவர்கள்தான் அதிகம். உங்கள் புளோக்கின் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. நாளைக்கு வரும் வரன் வீட்டாருக்கும் இவர் செய்தி அனுப்பமாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? இதை இப்போதே நிறுத்துவதுதான் அந்த நல்ல காரியத்துக்கும் வழி.

சகோதரி, தூக்கம் வரவில்லை, வார்டில் ஃபோன் அதிர்ந்தாலே கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000 இரவும் பகலும் இயங்குகிறது. அவேர் அமைப்பின் பெண்களுக்கான எண் 1800 777 5555. மனு எழுத உதவி வேண்டுமானால் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிந்துகொள்ளுங்கள். வார்டுப் பொறுப்பாளரிடமும் பாதுகாவலரிடமும் அவருடைய படத்தைக் காட்டி, உங்கள் பேருக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வரும் சனி, ஞாயிறு உங்களுக்கு விடுப்பு என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளி இரவே பொங்கோலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை காலை அண்ணியின் கணினியில் முதலில் அந்தச் சாதனப் பட்டியலைத் திறந்து படமெடுங்கள். அதில் என்ன இருந்தது என்று அண்ணியின் மின்னஞ்சலிலிருந்து எனக்கு எழுதுங்கள்.